ஆறு வீட்டுக்கு ஒரு பிரிட்ஜ்

ஞாயிற்றுக்கிழமை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்து, வீட்டுக்கு வீடு என்னென்ன சாமான் இருக்கிறது என்று கணக்கெடுக்கப் போகிறது. காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது கங்காணி இதைச் சொன்னார். தன் வீட்டில் கணக்கெடுக்க ஒன்றும் இல்லையே என்று அழகம்மைக்குப் பக்கென்றது.

"என்ன கம்பெனிங்க?"

"எண்ணெயும் கேஸும் எடுத்து விக்கிற கம்பெனியாம். நோர்ஹால்ட்னு பேரு."

"நாம ஒண்ணும் கேக்கலியே."

"விக்க வரல புள்ள. ஒலகம் சூடாகுதுல்ல? அதுக்கு இவங்கதான் காரணம்னு அவங்க ஊர்ல சனங்க வாசல்ல பெயின்ட்ட ஊத்துறாங்களாம். அதான் ஊர் ஊராப் போயி எந்த வீடு எவ்வளவு பொகை விடுதுன்னு பாக்குறாங்க."

"அவங்க வாசல்ல பெயின்ட் ஊத்துனா நம்ம வாசலுக்கு எதுக்கு வர்றாங்க?"

கங்காணி நேரமாகிறது, மலைக்குப் போங்கள் என்றார்.

சாயந்தரம் பீலிக்கரையில் லயமே கூடிவிட்டது. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டுப் பேசினார்கள். மொத்தம் ஆறு வீடுகள். கேள்வி ஒன்றுதான். கணக்கெடுக்க வருகிறவர்களிடம் இருப்பதை ஒளிப்பதா, இல்லாததைக் காட்டுவதா?

இரண்டுக்கும் லயத்தில் பழக்கம் உண்டு. நிவாரணக் கணக்கெடுக்க அதிகாரி வந்தால் டிவி கட்டிலுக்கு அடியில் போய்விடும். பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தால் பக்கத்து வீட்டு நாற்காலியும் மேசை விரிப்பும் நடந்து வந்துவிடும். இது எந்த வகை என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

"கணக்குன்னு வந்தா ஒளிக்கணும். அதுதான் சட்டம்" என்றார் சோலைமலை. லயத்தில் பிரிட்ஜ் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். ஐஸ் பக்கட் செய்து ஸ்கூல் பிள்ளைகளுக்கு விற்கிறார்.

"இவங்க படமும் புடிக்கிறாங்கண்ணே" என்றாள் நாகலெட்சுமி.

படம் என்றதும் அழகம்மை குடத்தைக் கீழே வைத்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு யாரோ வந்து லயத்தைப் படம் பிடித்தார்கள். ஒழுகும் கூரை, அதற்குக் கீழே ஒரு சட்டி, பின்னணியில் அழுகிற வயலின் இசை. சட்டி அழகம்மையுடையது. அந்தப் படத்தைப் பார்த்துத் திருச்சியிலிருந்த சொந்தக்காரர்கள் போன் போட்டு அழுதார்கள். டயகமவிலிருந்து அவள் மகள் வினோதாவைக் கேட்டு வந்திருந்தவர்கள் மறுபடி போனே போடவில்லை.

இப்போது வேறொரு சம்பந்தம் வந்திருக்கிறது. பொகவந்தலாவைப் பையன், தரணிதரன். அட்டனில் போன் திருத்தும் கடையில் வேலை. பிள்ளையார் கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்தார்கள். பிடித்துவிட்டது. வினோதாவுக்கும் பிடித்துவிட்டது. அது வீட்டிலிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது, அவள் மட்டும் இன்னும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கோசலா வீடு பார்க்க இன்னும் வரவில்லை. அந்தம்மா கையில் எந்நேரமும் போன்.

"காட்டணும்" என்றாள் அழகம்மை. "இந்தத் தடவ நல்லாக் காட்டணும். சோலைமலண்ணே, ஒங்க பிரிட்ஜ ஒருநாளைக்குக் குடுங்க."

"ஐஸ் கரையும்மா."

"கரையட்டும். எம்புள்ள கல்யாணம் கரையக் கூடாது."

சனிக்கிழமை இருட்டியதும் பிரிட்ஜ் அழகம்மை வீட்டுக்கு வந்தது. அவள் புருசன் செல்லசாமி அதைச் சுற்றி வந்து பார்த்தார். காம்பரா அறையில் பாதியை அது பிடித்துக்கொண்டது.

"அழகு, நான் எங்க படுக்க?"

"ஒரு ராத்திரிதானங்க. நின்னுக்கிட்டே தூங்குங்க."

விடிந்ததும் நாகலெட்சுமி வாசலில் நின்றாள். கணக்கெடுப்பு மேல் கோடியிலிருந்து தொடங்குகிறதாம். முதல் வீடு அவளுடையது.

"ஒங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள கால் மணி நேரம் எங்க வீட்டுல இருக்கட்டும் அக்கா."

"ஒனக்கு எதுக்குடி பிரிட்ஜ்?"

"ஒங்களுக்கு எதுக்கு எங்க டிவி?"

டிவி ஏற்கெனவே அழகம்மை வீட்டு மேசையில் இருந்தது. பேச ஒன்றுமில்லை. நாகலெட்சுமிக்குக் கொடுத்தால் இரண்டாம் வீட்டுக் காளியாயிக்கு என்ன குறை? அப்படியே மூன்றாம் வீடு, ஐந்தாம் வீடு. முன்வாசலில் கணக்கு நடக்கும்போது பின்வாசல் சாக்கடைக் கானோரமாகப் பிரிட்ஜ் போகவேண்டும். தூக்க மூன்றாம் வீட்டு ஜீவராஜும் ஐந்தாம் வீட்டுச் சிவசாமியும்.

வந்தவர்கள் மூன்று பேர். கொழும்பிலிருந்து விஜிதரன், ஒரு விளம்பரக் கம்பெனிக்காரன். எண்ணெய்க் கம்பெனி அவர்களுக்குத்தான் இந்த வேலையைக் கொடுத்திருந்தது. சுலக்ஷனா அட்டன் பெண், பதில்களைக் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் எழுதித்தர. மூன்றாமவன் கேமராக்காரன், அவன் பேசவே இல்லை.

நான்காவதாக அழகம்மை வீடு. பிரிட்ஜ் பின்கதவால் நுழைந்து நிமிரவும் அவர்கள் முன்கதவால் குனிந்து வரவும் சரியாக இருந்தது. ஜீவராஜ் மூச்சு வாங்கியபடி மூலையில் நின்றான்.

"இவர் யாரு?" என்றான் விஜிதரன்.

"அண்ணன் மவன். சும்மா வந்திருக்கான்."

விஜிதரன் கையிலிருந்த டெப்பின் திரையைத் தட்டத் தட்டச் செல்லசாமியும் அழகம்மையும் பதில் சொன்னார்கள். டிவி? இருக்கு. மிக்சி? இருக்கு. எதில் சமைக்கிறீர்கள்?

"கேஸ்லதான்" என்றாள் அழகம்மை. பின்பக்கம் கவ்வாத்து வெட்டிய தேயிலை விறகின் புகை மெல்ல வந்து எல்லோருக்கும் நடுவில் நின்றது. விஜிதரன் இருமிவிட்டு கேஸ் என்று குறித்துக்கொண்டான்.

"விமானத்தில போயிருக்கீங்களா?"

செல்லசாமி யோசித்தார். "என் மச்சான் கட்டார்ல இருக்காரு."

"நாங்களும் போவோம்" என்றாள் அழகம்மை. "வருசத்துக்கு ரெண்டு தடவ."

செல்லசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் கடைசியாகப் போன தூரம் கண்டி ஆஸ்பத்திரி.

சுலக்ஷனா பிரிட்ஜ் கதவிலிருந்த முருகர் ஸ்டிக்கரைத் தொட்டுப் பார்த்தாள். கதவிடுக்கில் ஐஸ் தண்ணீர் சொட்டியது. பிளக் மாட்டவில்லை.

"அக்கா, இது ஓடலியே?"

"ஞாயித்துக்கெழமல்ல. ஓய்வு."

"இந்த பிரிட்ஜ நான் எங்கயோ பாத்திருக்கேன்."

"எல்லாக் கடையிலயும் இதேதான் விக்கிறாங்க."

சுலக்ஷனா உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே போனாள். சிரிப்பு அவள் முதுகில் தெரிந்தது.

ஆறாவது வீடு சோலைமலையுடையது. பிரிட்ஜ் அங்கே களைத்துப் போய் வந்து சேர்ந்தது. சோலைமலை எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு ஒன்று கேட்டார்.

"தம்பி, மழையப் பத்திக் கேக்க மாட்டீங்களா? முன்னெல்லாம் எப்ப வரும்னு தெரியும். இப்ப காயுற மாசத்துல கொட்டுது, கொட்டுற மாசத்துல காயுது. போன மழையில மேல் மலையே சரிஞ்சிருச்சு. கொழுந்து இல்லாம அரைப்பேர்தான் போடுறாங்க, அரை நாள் சம்பளம்."

"அது இந்தக் கணக்கில இல்லண்ணே."

"எந்தக் கணக்குல இருக்கு?"

விஜிதரன் டெப்பை மேலே தள்ளிப் பார்த்தான், கீழே தள்ளிப் பார்த்தான். நிஜமாகவே தேடினான். இல்லை.

அடுத்த மாதம் படம் வந்தது. வினோதா போனைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். மலை, பனி, புல்லாங்குழல். அழகம்மை பிரிட்ஜைத் திறக்கிறாள். நாகலெட்சுமி பிரிட்ஜைத் திறக்கிறாள். காளியாயி திறக்கிறாள். பிறகு ஒரு கனமான குரல். இந்த எளிய மலைக் குடும்பங்கள்கூட இன்று ஒரு நகரத் தெருவை விட அதிகப் புகையைக் காற்றில் கலக்கின்றன. குற்றம் யாருடையது என்று விரல் நீட்டுவதை விடுவோம். மாற்றம் நம் ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் தொடங்கட்டும். கடைசியில் ஒரு பச்சை இலை, அதற்குக் கீழே கம்பெனியின் பெயர்.

அழகம்மை குரலைக் கேட்கவில்லை. வீட்டைப் பார்த்தாள். சுவர் சுத்தமாக இருந்தது. சட்டி இல்லை. வயலின் இல்லை.

"நல்லா வந்திருக்கு" என்றாள்.

வினோதா சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அம்மா, ஒலகம் சூடாகுறதுக்கு நீதான் காரணமாம்."

"நானா?"

"நீயும் நாகலெட்சுமி அக்காவும்."

"அவளுக்கும் சேத்துத்தான? சரி விடு."

அன்று மாலையே கோசலா போன் போட்டாள்.

"படம் பாத்தோம் அக்கா. வீடு நல்லா இருக்கு. பிரிட்ஜும் நல்லா இருக்கு. பொண்ணோட அதையும் அனுப்பிருவீங்கல்ல? தரணிக்கு ஐஸ் தண்ணின்னா உசுரு."

"அதுக்கென்ன" என்று அழகம்மையின் வாய் சொல்லிவிட்டது.

போனை வைத்ததும் வாசற்படியில் உட்கார்ந்தாள். பிரிட்ஜ் சோலைமலையின் பிழைப்பு. புதிது வாங்க வழியே கிடையாது.

"உண்மையச் சொல்லிரு" என்றார் செல்லசாமி.

"சொன்னா பொய் சொல்ற குடும்பம்னு ஆயிரும். சொல்லாட்டி பிரிட்ஜ் எங்கம்பாங்க. ரெண்டுலயும் கல்யாணம் நின்னுருங்க."

வினோதா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரே தட்டை நெடுநேரம் கழுவினாள். அழகம்மைக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வழி காட்ட வந்தது அதே கம்பெனிதான். விஜிதரன் மறுபடி வந்தான். படத்தைக் கம்பெனியின் நாட்டில் ஊர்ப்பட்ட பேர் பார்த்துவிட்டார்களாம், கம்பெனிக்கு ரொம்பச் சந்தோஷமாம். கொட்டகலையில் மண்டபம் எடுத்து ஒரு விழா வைக்கிறார்கள். 'ஒன்றை விடுவோம்' என்று பெயர். ஒவ்வொரு வீட்டுக்காரரும் மேடையில் ஏறி, பூமிக்காக இனி எதை விடப்போகிறோம் என்று சொல்லவேண்டும். கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவர் நேரில் வருகிறார்.

"நீங்க பிரிட்ஜ விடணும்மா. படத்தில உங்க முகம்தான் முதல்ல வருது."

அழகம்மையின் முகம் விடிந்தது.

"எல்லாருக்கும் முன்னால விடலாமா தம்பி?"

"எல்லாருக்கும் முன்னாலதான்."

"சம்மந்தம் பேசுறவங்களக் கூட்டிக்கிட்டு வரலாமா?"

தாராளமாக வரலாம் என்றான் அவன். சனம் சேராதோ என்று அவனுக்குப் பயம்.

உலகத்துக்காகவே விட்டுவிட்ட பிரிட்ஜை யார் சீராகக் கேட்க முடியும்? அழகம்மை அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

"யாரு பிரிட்ஜ யாரு விடுறது?" என்றார் செல்லசாமி.

"விட்டுட்டு வரட்டுமே" என்றார் சோலைமலை. "அது எங்க வீட்டுலதான இருக்கப் போகுது."

மண்டபம் நிரம்பிவிட்டது. வடையும் தேத்தண்ணியும் என்று அறிவித்திருந்தார்கள். கோசலா மூன்றாம் வரிசையில் பட்டுச்சேலையில் இருந்தாள், பக்கத்தில் தரணிதரன். வினோதா ஐந்தாம் வரிசையில் உட்கார்ந்து அவன் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி நெடுநெடுவென்று உயரம், சிரித்த முகம். எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிட்டார். யாரோ கும்பிடச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், கையை இறக்கவே இல்லை.

நாகலெட்சுமி மேடையேறி மின் அயன்பெட்டியை விட்டாள். கைதட்டினார்கள். சிவசாமி ஏறி, இனிமேல் ஏரோப்பிளேனில் காலே வைக்க மாட்டேன் என்றான். கைதட்டல் கூரையைத் தொட்டது. அதிகாரி அவனைக் கட்டிக்கொண்டார்.

அழகம்மை ஏறினாள். விஜிதரன் ஒரு தாம்பாளத்தை அவள் கையில் கொடுத்தான். வெற்றிலை, பாக்கு, பழம், நடுவில் ஒரு மரக்கன்று. ஊர் வழக்கப்படி இருக்கட்டும் என்று அவனே வாங்கி வைத்தது. அதை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு இறங்கவேண்டும்.

தாம்பாளம் கைக்கு வந்ததும் அழகம்மைக்கு இடம் பிடிபட்டது. இது அவளுக்குத் தெரிந்த வேலை. பரிசம் போடும் சபையில் எத்தனை தடவை நின்றிருக்கிறாள். ஒரு பக்கம் எழுந்து, எங்கள் பக்கம் இது என்று சபை கேட்கச் சொல்லும். பிறகு மறுபக்கம் சொல்லும். இரண்டும் சொன்ன பிறகுதான் தட்டு மாறும்.

நிமிர்ந்து நின்றாள். "சபைக்கு வணக்கம். எங்க பக்கத்துல பிரிட்ஜ விட்டுட்டோம்."

கைதட்டினார்கள். அதிகாரி இரண்டு கையையும் நீட்டினார். அழகம்மை தட்டைக் கொடுக்கவில்லை. நின்றாள்.

"அம்மா, குடுத்திட்டு இறங்குங்க" என்றான் விஜிதரன் வாய் அசையாமல்.

"இருங்க தம்பி. எங்க பக்கம் சொல்லியாச்சு. அவங்க பக்கம் என்ன?"

"அவங்க பக்கமா?"

"அவங்க எதை விடுறாங்க? கேட்டுச் சொல்லுங்க."

அவள் மடக்கக் கேட்கவில்லை. முறைப்படி கேட்டாள். மண்டபத்துக்கு அது உடனே புரிந்தது. வடைத் தட்டுகள் மடியில் இறங்கின. எல்லோரும் மறுபக்கம் சொல்வதற்காக மரியாதையோடு காத்திருந்தார்கள்.

சுலக்ஷனா அதிகாரியிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் சிரிப்பு கொஞ்சம் நின்று மறுபடி வந்தது. பேசத் தொடங்கினார். நெடுநேரம் பேசினார். கைகளால் ஒரு மலை செய்தார், ஒரு சூரியன் செய்தார்.

"இது ரொம்ப நல்ல கேள்வின்னு சொல்றார்" என்றாள் சுலக்ஷனா. "எல்லாரும் சேந்து போற ஒரு பயணம்னு சொல்றார். புதுசு புதுசா ஆராய்ச்சி நடக்குதாம். எண்ணெய் இல்லாம ஒலகம் ஒரே நாள்ல நின்னுருமாம்."

பின்வரிசையிலிருந்து சோலைமலையின் குரல் வந்தது. "சுருக்கமாச் சொல்லும்மா. என்ன போடுறாங்க?"

சுலக்ஷனா அதிகாரியைப் பார்த்தாள். விஜிதரனைப் பார்த்தாள். அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லண்ணே. ரெண்டாயிரத்து அம்பதுக்குள்ள பாத்துச் செய்யலாம்ங்கிறார்."

"அடேயப்பா" என்றது ஒரு பெண் குரல். "அதுக்குள்ள புள்ள பொறந்து அதுக்கும் பரிசம் போட்டுருவோம்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அதிகாரிக்கு என்னவென்று தெரியவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சிரித்தார். கேமராக்காரனும் சிரித்தான், கேமரா ஆடியது.

மூன்றாம் வரிசையில் பட்டுச்சேலை எழுந்தது. கோசலா தன் மூத்த பிள்ளைகள் மூவருக்குக் கல்யாணம் பேசி முடித்தவள். சபையில் பேச அவளுக்குக் கூச்சமில்லை.

"தட்டக் குடுக்காதீங்க சம்மந்தி. ஒரு பக்கம் மட்டும் போட்டா அது பரிசமே இல்ல. பிரிட்ஜத் திருப்பி எடுத்துக்கிட்டு வாங்க, போவோம்."

அழகம்மைக்குப் பிரிட்ஜ் காதில் விழவில்லை. சம்மந்தி மட்டும் விழுந்தது. நிரம்பிய மண்டபத்தில், எல்லோர் காதும் கேட்க, கோசலா அவளைச் சம்மந்தி என்று கூப்பிட்டுவிட்டாள். இனி அதை யாராலும் எடுக்க முடியாது. ஐந்தாம் வரிசையில் வினோதா குனிந்து செருப்பைத் தேடினாள். செருப்பு காலில்தான் இருந்தது.

அழகம்மை அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தாம்பாளத்தோடு படியிறங்கினாள்.

மண்டபத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடை. இரண்டு குடும்பமும் ஒரே பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தது. அழகம்மை தேத்தண்ணியைத் தொடவில்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது.

"சம்மந்தி, அந்த பிரிட்ஜ் எங்களுது இல்ல."

"தெரியும்" என்றாள் கோசலா, வடையைப் பிய்த்தபடி.

"எப்படி?"

"ஆறு வீட்டு பிரிட்ஜ் கதவுலயும் அதே முருகர் ஸ்டிக்கர், அதே எடத்துல, அதே கிழிஞ்ச வேலோட. எத்தன தடவ பாத்திருப்பேன் அந்தப் படத்த. அவ்வளவு பெரிய கம்பெனிக்குத்தான் தெரியல."

"பிறகு ஏன் கேட்டீங்க?"

"கேக்குறது எங்க பக்கத்து வேல. இல்லன்னு சொல்றது ஒங்க வேல. நீங்க பட்டுன்னு சரின்னுட்டீங்க. எனக்கு அன்னையிலருந்து தூக்கமில்ல. எங்க வீட்டுல அதை எங்க வைக்கிறது? தரணி அப்பாவ வெளிய படுக்கப் போடணும்."

செல்லசாமி அங்கே முதல் தடவையாக வாய் திறந்தார். "நின்னுக்கிட்டே தூங்கலாம்ங்க. நான் தூங்கியிருக்கேன்."

கோசலா சிரித்ததில் தேத்தண்ணி சேலையில் சிந்தியது.

விஜிதரன் அந்தப் பக்கமாக வந்தான். களைத்திருந்தான். அழகம்மை நகர்ந்து இடம் கொடுத்தாள். அவனுக்கும் ஒரு தேத்தண்ணி சொன்னாள்.

"வேலைக்கு ஒண்ணும் ஆகாதே தம்பி?"

"ஒண்ணும் ஆகாதும்மா. அவருக்கு ரொம்பச் சந்தோஷம். சனங்க இவ்வளவு சிரிச்சு எந்த ஊர்லயும் பாக்கலயாம். அந்தச் சிரிப்ப மட்டும் வெட்டி அடுத்த படத்துல போடச் சொல்லிட்டார்."

"ஏன் சிரிச்சோம்னு போடுவீங்களா?"

"அதுக்கு எடம் இருக்காதும்மா" என்றான் அவன். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தரணிதரனும் வினோதாவும் வாழைப்பழம் வாங்கப் போனவர்கள் இன்னும் வரவில்லை. கடை பக்கத்தில்தான்.

"பரிசம் எப்ப வச்சுக்கலாம்?" என்றாள் கோசலா.

"தையில?"

"தை பொறந்ததும் வச்சிருவோம். மழை வந்தா?"

"வந்தா எங்க காம்பராக்குள்ள போடுவோம். ஒழுகும். சட்டி வச்சுக்கலாம்."

"எங்ககிட்ட ரெண்டு பெரிய சட்டி இருக்கு" என்றாள் கோசலா. "கொண்டாறேன்."